கபூஸுக்குச் சில்லு மாற்றிய சனிக்கிழமை

அன்றைக்கு லண்டன் எட்மண்டன் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் அக்கா, அத்தான், பெண்ணின் தகப்பனார், பெண்ணின் தாயார். இல்லாதவர் ஒருவர்தான். பெண்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் இல்லாதது எங்களில் ஒருவருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "ஆஸ்பத்திரியில ஷிப்டை மாத்திப்போட்டாங்கள். நாலு மணிக்கு வந்திடுவா" என்றார் தாயார். அப்போது மணி பதினொன்றரை. "அதுக்கென்ன, முதல்ல பெரியாக்கள் கதைப்பம்" என்றாள் அக்கா. பெரியாக்கள் கதைத்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. தட்டில் ரோல்ஸ் சூடாக இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இந்தச் சம்பந்தம் சரிவர வேண்டும் என்று உள்ளுக்குள் பெரிய ஆசை. காரணம் பெண்ணின் படம் ஒன்று. யாரோ ஒருவரின் கல்யாண வீட்டில் எடுத்தது. எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் மேசையில் இருந்த குத்துவிளக்கின் திருகாணியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரலில் ஒரு செம்மண் நிறக் கறை. "மருதோண்டி" என்றாள் அக்கா. ஒரு விரலுக்கு மட்டும் யார் மருதோண்டி போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பொலிடெக்னிக் புத்தகத்துக்குள் வைத்து, நான் வேலை பார்த்த பெற்றோல் நிலையத்தில் ஆள் வராத நேரங்களில் எடுத்து எடுத்துப் பார்த்ததில் மூலை மடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். படிப்பு என்று தொடங்கி அதை முடிக்கும்வரை போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைக் கேட்டாலும் அது எனக்குச் சோதனைக் கேள்வி. "சாப்பிட்டியா?" என்றால்கூட நேரத்தையும் அளவையும் சொல்லுவேன். அக்காவுக்கோ அதில் தாங்க முடியாத பெருமை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் கவுன்சில் கடிதம் வந்த தமிழர் வீடு ஒவ்வொன்றுக்கும் "தம்பியைக் கேளுங்கோ, அவன் எல்லாம் படிச்சவன்" என்று என்னை அனுப்பிவைப்பாள்.

சம்பந்தம் தொடங்கியது மனோர் பார்க் முருகன் கோயிலில். அக்காவும் பெண்ணின் தாயாரும் பிரசாத வரிசையில் நின்று கதைத்திருக்கிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்து செய்தி வாசித்தாள். "நல்ல குடும்பம். வீட்டிண்ட மேல்தட்டு முழுக்க ரெயிலாம். விளையாட்டு ரெயில். அமெரிக்காவில இருக்கிற சித்தப்பன் அனுப்பினதாம். தேப்பனுக்கு ரெயில் விசர் போல."

அந்த 'போல' அக்காவின் சொந்தச் சரக்கு. ஆனால் எனக்கு அது பாடத்திட்டமாகிவிட்டது. மாமனாராக வரப்போகிறவர் அமெரிக்க ரயிலைப் பற்றி ஏதாவது கேட்டால்?

இரண்டு கிழமை நூலகத்தில் இருந்தேன். அமெரிக்க ரயில்களைப் பற்றி அங்கே ஒரேயொரு புத்தகம், செங்கல் கனம், வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். எஞ்சின்களைப் பாடமாக்கினேன். பாலங்களைப் பாடமாக்கினேன். கடைசி நாள், மூடுகிற மணி அடிக்கும்போதுதான் பொருள்வண்டியின் கடைசிப் பெட்டியைப் பற்றிய அத்தியாயம் கண்ணில் பட்டது. கார்ட் இருந்து, சமைத்து, படுத்து வேலை பார்க்கிற பெட்டி. அங்கே அதற்குப் பெயர் கபூஸ். அதன் அடியில் இரண்டு அச்சையும் நாலு சில்லையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் சட்டத்தை எங்கள் பக்கத்தில் போகி என்போம். ஒரு கபூஸுக்கு முன்னுக்கு ஒரு போகி, பின்னுக்கு ஒரு போகி. எந்த வகைப் போகி எந்தக் காலத்தில் பூட்டப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது.

பிரதி எடுக்கும் இயந்திரம் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பென்ஸ் கேட்கும். கையில் இரண்டு பத்துப் பென்ஸ் நாணயங்கள் இருந்தன. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தேன். அது முற்றுப்புள்ளியோடு முடிந்தது. முற்றுப்புள்ளி வந்தால் விஷயமும் முடிந்தது என்றுதானே அர்த்தம்? மற்ற நாணயத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

பெண்ணின் தகப்பனாரை நான் அங்கிள் என்றும் தாயாரை அன்ரி என்றும்தான் கூப்பிட்டேன். இனி அப்படியே எழுதுகிறேன். ரோல்ஸ் முடிந்ததும் அக்காதான் தொடக்கிவைத்தாள். "அண்ணை, உங்கட ரெயிலைத் தம்பிக்கு ஒருக்காக் காட்டுங்கோவன்."

அங்கிள் அன்ரியைப் பார்த்தார். அன்ரி அங்கிளைப் பார்த்தார். "என்ர… ஓம், ஓம். என்ர ரெயில்" என்று எழும்பினார் அங்கிள்.

ஏணியில் ஏறிக் கூரைக்கடியில் தலையை நீட்டினேன். மூன்று சுவர்களையும் சுற்றி மலைகள், சிவப்பும் மஞ்சளுமாக இலையுதிர்கால மரங்கள், ஒரு சிறு ரயில் நிலையம், விரல்நகம் அளவு தபால்பெட்டி. சுவரில் ஓர் அட்டை: நாற்பதுகளின் கடைசி, ஒக்டோபர் மாதம், மாலை நாலு மணி. உருண்டையான, வடிவான ஆங்கில எழுத்து. கவுன்சிலில் கணக்கெழுதுகிற அங்கிளுக்கு இவ்வளவு அழகான கையெழுத்தா என்று மரியாதை கூடிவிட்டது.

"ஏன் அங்கிள் இந்த ரெயில் கம்பனியைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

"அது… கலர் நல்லம்."

"நீராவி போய் டீசல் வாற காலம், என்ன?"

"ஓம் தம்பி. ஒண்டு போய் மற்றது வாற காலம்."

ரயிலை ஓட்டிக்காட்ட ஒரு விசையை அமத்தினார். ரயில் நிலையத்தில் விளக்கு எரிந்தது. இன்னொன்றை அமத்தினார். மலைக்குள் ஏதோ கிறீச்சிட்டது. கீழேயிருந்து அன்ரியின் குரல்: "சிவப்புக் கட்டையைத் திருப்புங்கோ! இடப்பக்கம்!" ரயில் ஓடியது. கணவனின் பொழுதுபோக்கை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிற மனைவி, என்ன ஒற்றுமையான குடும்பம் என்று நினைத்தேன்.

எஞ்சின் போனது, இருபது பெட்டி போனது, கடைசியில் கபூஸ் வந்தது. செம்மண் நிறம். கூரையில் சின்னப் புகைபோக்கி. அங்கிள் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எப்பிடித் தம்பி? பிழை கிழை இருந்தாச் சொல்லும்."

வேறு எந்தப் பெடியனும் "வடிவா இருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பான். என்னிடம் கேள்வி கேட்கப்பட்டுவிட்டதே.

"ஒரு பிழை இருக்கு அங்கிள்" என்றேன். "கபூஸிண்ட போகி. இரும்புப் பட்டையை வளைச்சு ஆணி போட்டு முறுக்கின பழைய சட்டம். ஆர்ச் பார் எண்டு சொல்லுவினம். ஓட ஓட ஆணி கழரும். விபத்து வந்து அதைத் தடை செய்துபோட்டாங்கள். அட்டையில எழுதியிருக்கிற காலத்துக்கு முந்தியே தடை. உருக்கில வார்த்த சட்டம்தான் வரவேணும்."

அங்கிளின் முகம் வெளிறியது. "பிழையோ?"

ஏணியின் அடியில் நின்ற அக்கா கோயில் மணி மாதிரி ஒலித்தாள். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணை!"

"அப்ப மாத்துவம்" என்றார் அங்கிள். "இப்பவே. நாலு மணிக்கு முந்தி."

ஏன் நாலு மணிக்கு முந்தி என்று எனக்கு விளங்கவில்லை. ஆர்வம் என்று நினைத்தேன்.

மூன்று ஆண்கள் அத்தான் வாடகைக்கு ஓட்டும் மினிகாப்பில் கிளம்பினோம். வழி முழுக்க அத்தான், "சில்லு எண்டா ரயர்க்கடையில கேட்டா மலிவா வராதோ?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். விளையாட்டு ரயில் கடை ஒரு தையல்கடைக்கும் கபாப் கடைக்கும் நடுவில் இருந்தது. முதலாளி அங்கிளைக் கண்டதும் முகம் மலர்ந்து, மகள் எப்படி இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். "ஃபைன், ஃபைன்" என்று அங்கிள் அவசரமாக இருமினார். வெள்ளைக்காரர் குடும்ப நலம் விசாரிப்பது நல்ல பழக்கம் என்று நான் குறித்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஒரு இழுப்பறையைத் திறந்தார். போகிகள் சோடி சோடியாகச் சின்னப் பைகளில். எல்லாம் ஒன்று மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. நான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிலதில் சுருள் வில்கள். அது பாரம் ஏற்றுகிற பெட்டிக்கு. ஒன்றில் மட்டும் தகடு தகடாக அடுக்கிய வில்.

"இதுதான்" என்றேன். "நிலக்கரிக்குக் குலுங்கினா என்ன? இது ஆள் இருக்கிற பெட்டி. மனுசன் தேத்தண்ணி குடிக்க வேணும்."

"லொறிக்கும் தகட்டு வில்தான்" என்றார் அத்தான், முதல்முறையாக மரியாதையோடு. "ஆனா லொறியில ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்க ஏலாது."

காசு கொடுப்பதில் வழக்கமான சண்டை. அங்கிள் என் கையைப் பிடித்தார், நான் அங்கிளின் கையைப் பிடித்தேன், அத்தான் இரண்டு பேரின் கையையும் பிடித்தார். கடைக்காரர் இது கைகலப்போ என்று ஒரு அடி பின்னால் போனார். வென்றது நான். சோடி ஏழு பவுண் அறுபது பென்ஸ். வெளியே வந்தபோது காரின் கண்ணாடியில், நேரம் கடந்து நிறுத்தியதற்குத் தண்டச் சீட்டு. பன்னிரண்டு பவுண். அந்தக் கைச்சண்டை இல்லாவிட்டால் அது வந்திராது என்று அத்தான் இன்றுவரை சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து பழைய போகிகளைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். கபூஸ் உயர்ந்துவிட்டது. தண்ணிக்குள் நடக்கிற கோழி மாதிரி நின்றது. முன் பெட்டியின் கொக்கியும் இதன் கொக்கியும் சந்திக்கவில்லை. "பாரம் ஏத்தினா இறங்கும்" என்று அத்தான் ஒரு பவுண் நாணயக் குத்தியை எடுத்துக் கூரைமேல் வைத்தார். இறங்கவில்லை. ஆனால் எடுக்கவும் மறந்துபோனோம்.

சரியாக நாலு மணிக்குக் கதவு திறந்தது. படத்தில் இருந்த முகம், களைப்போடு, மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்க. எங்களுக்கு வணக்கம் சொன்னார். "கை கழுவிட்டு வாறன்" என்று மேலே போனார். மேலே போனவர் இன்னும் மேலே போனார். ஏணி முனகியது.

பிறகு கூரைக்கடியிலிருந்து: "ஆர் என்ர கபூஸில கை வைச்சது?"

என்ர.

அங்கிள் பத்திரிகையை எடுத்து முகத்தை மறைத்தார். அது தலைகீழாக இருந்தது. அன்ரி அக்காவிடம் மெல்லச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ. முந்தி ரெண்டு சம்பந்தம் இதாலதான் குழம்பினது. பொம்பிளைப் பிள்ளையைப் பெடியன் மாதிரி வளத்திருக்கிறியள் எண்டு கேட்டிட்டுப் போட்டினம். அதுதான் இந்த முறை அவரிண்ட எண்டு நினைக்க விட்டிட்டம்." அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் பெருவிரலைப் பார்த்தேன். செம்மண் நிறக் கறை. கபூஸின் சாயம். மருதோண்டி இல்லை.

அவர் கபூஸை உள்ளங்கையில் ஏந்தியபடி இறங்கி வந்தார். கூரையில் இன்னும் அந்தக் குத்தி இருந்தது. "இதென்ன, உண்டியலோ?"

அத்தான் எழும்பித் தன் பவுணை எடுத்துக்கொண்டு மறுபடி இருந்தார்.

"நான்தான்" என்று வகுப்பில் மாதிரி எழும்பி நின்றேன். "நீங்கள் போட்டிருந்தது ஆர்ச் பார். அந்தக் காலத்தில தடை."

"ஆர் சொன்னது?"

சட்டைப்பையிலிருந்து பிரதியை எடுத்து நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெறுமை.

"அடுத்த பக்கம் எங்க?"

"எடுக்கேல்லை."

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். "பத்துப் பென்ஸ்" என்றேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும் அத்தனை சுவர்களையும் பார்த்தார்கள். அவர் தாளை நாலாக மடித்து என் கையில் தந்தார். "அடுத்த பக்கத்தைப் படிச்சுப்போட்டு வாங்கோ. மிச்சக் கதை பிறகு."

திரும்பி வரும்போது விக்ரோரியாப் பாதை நிலக்கீழ் ரயிலில் அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அத்தானின் கார் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? காரில் அவர் தனியாக வந்தார். தண்டச் சீட்டைப் பற்றி அக்கா ஒரு சொல் சொல்ல, "அப்ப நீ ரெயிலில வா" என்றுவிட்டார். "பத்துப் பொருத்தமும் பாத்தம்" என்றாள் அக்கா. "சில்லுப் பொருத்தம் பாக்க ஆருக்கடா தெரியும்?"

திங்கட்கிழமை நூலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். புத்தகம் இல்லை. அட்டை கழன்றுவிட்டதாம், கட்டுவதற்கு அனுப்பியாகிவிட்டது. வர மூன்று கிழமை. இருபத்தொரு நாள், சோதனை மறுமொழிக்குக் காத்திருந்ததுபோலக்கூட இல்லை. அதற்காவது நான் ஒழுங்காகப் படித்திருந்தேன். அக்கா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் கேட்பாள்: "புத்தகம் வந்திட்டுதோ?" அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க ஏலாது. ஆனால் அந்தப் புத்தகத்தின் பெயரை அவள் பிழையில்லாமல் சொல்லப் பழகிவிட்டாள்.

புத்தகம் வந்தது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். முதல் சொல் 'ஆனால்'.

ஆனால், தடை ஒரு கம்பனியின் தண்டவாளத்திலிருந்து இன்னொரு கம்பனியின் தண்டவாளத்துக்குப் போகிற பெட்டிகளுக்குத்தான். கபூஸ் சொந்தப் பாதையை விட்டுப் போகாது. எல்லையில் கழற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆகவே பல கம்பனிகள் தங்கள் கபூஸ்களின் அடியில் பழைய ஆர்ச் பார் போகிகளைப் பல காலம் அப்படியே விட்டிருந்தன. கீழே படம். செம்மண் நிறப் பெட்டி, சின்னப் புகைபோக்கி, வளைந்த இரும்புப் பட்டைகள். அவர் செய்தது அச்சொட்டாக அதுதான்.

பத்துப் பென்ஸ் போட்டுப் பிரதி எடுத்தேன். அவருக்குக் கடிதம் எழுதி, பிரதியையும் கூடவே வைத்தேன். மூன்று பக்கம். அக்கா முத்திரை ஒட்டுமுன் உறையைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். பத்தொன்பது பென்ஸ் முத்திரை, முதல் வகுப்பு.

மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது.

"கடிதம் கிடைச்சது" என்றார். "மன்னிப்பு ரெண்டாம் பக்கத்தில கிடக்கு. ஏன் முதலாம் பக்கத்தில இல்லை?"

"முதலாம் பக்கம் பின்னணி."

தொலைபேசியின் மறுமுனையில் ஒரு சத்தம். சிரிப்பு என்று நினைத்தேன். நிச்சயமில்லை, அதனால் காத்திருந்தேன்.

"நீங்கள் வாங்கின போகி கெட்டதில்லை" என்றார். "தகட்டு வில் பாத்து எடுத்திருக்கிறியள். அப்பா சொன்னவர், தேத்தண்ணிக் கதை. வேற கம்பனி கபூஸுக்கு அது சரி. பைக்கற்றைக் கிழிச்சபடியா கடையில திருப்பி எடுக்க மாட்டினம். வீணாக்க ஏலாது."

"ஓம்."

"அப்ப அந்தப் போகிக்கு ஏத்த கபூஸ் ஒண்டு வாங்க வேணும். எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட் இல்லை. உங்களுக்கு?"

எனக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் இருந்தது. "இல்லை" என்றேன். வாழ்க்கையில் கேட்ட கேள்விக்குத் தெரிந்துகொண்டே பிழையான விடை சொன்னது அந்த ஒரு முறைதான்.

பின்னால் நின்ற அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னவாம்? என்னவாம்?"

"கபூஸ் வாங்கப் போறம்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உடனே அத்தானிடம் ஓடி, மண்டபம் எடுக்க எவ்வளவு வரும் என்று கேட்டாள்.

சனிக்கிழமை கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த முறை ஒன்றும் விசாரிக்காமல் இழுப்பறையை நேரே அவர் முன்னால் வைத்தார். ஒரு மணித்தியாலம் பார்த்தோம். ஜன்னல் எண்ணிக்கையில் ஒரு முறை, புகைபோக்கி எந்தப் பக்கம் என்பதில் ஒரு முறை, இரண்டு தரம் பிணங்கினோம். இரண்டாவதில் நான் சரி. அவர் அதை ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் ஒரு கபூஸ் பதினெட்டுப் பவுண் தொண்ணூற்றைந்து பென்ஸ். காசு கொடுக்கும்போது நான் கையைப் பிடிக்கவில்லை. ரோட்டில் கார் இல்லாவிட்டாலும் பயம்தான்.

பேருந்துத் தரிப்பில் நிற்கும்போது நான் அனுப்பிய அந்த இரண்டாம் பிரதியின் வெறுமையான பின்புறத்தில் அவர் எழுதிக் கூட்டினார். போகி, தண்டம், அடுத்த பக்கம், முத்திரை, கபூஸ். பெருவிரலில் அப்போதும் கறை இருந்தது, இந்த முறை பச்சை. கூட்டி முடித்து, அடியில் இரண்டு கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பினார்.

"பாத்தியளோ? நீங்கள் மிச்சம் பிடிச்ச பத்துப் பென்ஸ்."

முப்பத்தெட்டுப் பவுண் எண்பத்துநாலு பென்ஸ்.